டோரதியின் காட்டில் களை வெட்ட வந்தவர்கள்

மன்னார்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த டோரதிக்குச் சொந்தமாக ஒரு காடு இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். துறையூருக்கு அப்பால் ஓர் ஊரே அதை நம்பி, களைக்கொட்டும் அரிவாளுமாகப் பஸ் ஏறி வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டியது. அன்று நான் பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். என் வார்த்தையில் பாதியைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. இந்தக் கதையில் அப்படித் தள்ளினாலும் மிச்சம் நிறையவே இருக்கும்.

டோரதியின் அப்பா அற்புதசாமி பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர். அவருடைய கைவாகு அப்படியே மகளுக்கு வந்திருந்தது. வெளியூருக்குப் போய்க் கைகால் பயிற்சி கொடுக்கும் படிப்பைப் படித்துவிட்டு வந்தாள். மடங்கிய கை, விறைத்த கால், சரிந்த கழுத்து எல்லாம் அவள் பிடியில் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒருமுறை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் என் மணிபர்ஸை எடுத்தவனின் தோளைப் பிடித்தாள். மார்க்கெட் வந்து சேர்வதற்குள் அவன் பர்ஸைத் திருப்பிக் கொடுத்ததோடு, "நாலு வருசமா இருந்த வலிங்க, போயிடுச்சு" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

இவ்வளவு பலசாலிக்கு மாடு என்றால் பயம். எருமை, ஆடு, தவளை, வைக்கோல்போரின் பின்னால் என்ன இருக்கிறதோ அது, எல்லாவற்றுக்கும் பயம். அவள் கணவர் தைரியராஜுக்கு மனிதர்களிடம்தான் பயம். அவர் திருவெறும்பூர்ப் பெரிய தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். பேசாத ஜீவன் வேண்டும் என்பதற்காகவே வாசலில் வரிசையாகத் தொட்டி வைத்துக் குரோட்டன்ஸ் செடி வளர்த்தார். ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. ஊனமுற்றோர் ஆண்டு என்று உலகம் முழுவதும் மேடை போட்டுப் பேசிய வருஷம். எங்கள் தெருக்கோடியில் ஒரு கமிட்டி நடத்திவந்த பயிற்சி நிலையத்துக்கும் அந்த வேகத்தில் ஒரு ஜீப் வந்து சேர்ந்தது. டோரதி அங்கேதான் வேலை பார்த்தாள். செயலாளர் சகாயநாதன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சிரிப்பதற்கு முன்பு கூட்டிக் கழித்துப் பார்ப்பவர். நடக்க முடியாத பிள்ளைகளைக் கிராமத்துக்கே போய்ப் பார்த்து, பெற்றவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டது அவர்கள். எருமைகளின் நடுவே போய் இறங்கியது டோரதி.

அப்படி அவள் போன ஊர்களில் ஒன்று, பச்சைமலை அடிவாரத்தில் மணலோடைப்பட்டி. அங்கேதான் வெள்ளையம்மாள் இருந்தாள். அவள் புருஷன் சின்னையா லாரியில் போகிறவன். வந்தால் உண்டு, வராவிட்டால் லாரி எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். அவர்கள் மகள் செல்லாயிக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காலும் விறைத்து, கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள். காலுக்குச் சேர வேண்டிய சக்தியும் சேர்ந்து வாய்க்குப் போயிருந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்துத்தான் அனுப்புவாள்.

வெள்ளையம்மாளின் சங்கடம் புரிய வேண்டுமானால், அந்தப் பக்கத்து மாத்தாள் முறையைச் சொல்ல வேண்டும். இன்று என் காட்டில் நீங்கள் வந்து களை வெட்டினால், நாளை உங்கள் காட்டில் நான் வெட்ட வேண்டும். ஆளுக்கு ஆள். கூலி கிடையாது, காட்டுக்காரி சோறு போடுவாள், அவ்வளவுதான். வாங்கிய ஆளைத் திருப்பாவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மறுமுறை வரவே மாட்டார்கள். அதைவிடப் பெரிய தண்டனை அங்கே இல்லை.

பிள்ளையை விட்டு நகர முடியாத வெள்ளையம்மாள் யார் காட்டுக்கும் போகவில்லை. அவள் காட்டுக்கும் யாரும் வரவில்லை. கடலைக்காட்டில் கடலைச்செடியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாமனார் மருதை கெட்டவர் அல்ல. சந்தைக்குப் போனால் பேத்திக்குப் பொரி உருண்டை வாங்காமல் திரும்பாதவர். ஆனால் காடு தரிசாவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

"திருச்சியில ஹோம் இருக்காம்மா. கட்டில் குடுத்து, மூணு வேளையும் சோறு போடுறாங்களாம். புள்ளையும் சொகமா இருக்கும், நீயும் காட்டப் பாப்ப."

"அவ்வளவு சொகமா இருந்தா நீங்க மொதல்ல ஒரு மாசம் இருந்துட்டு வாங்க மாமா. சோறு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அப்பறம் பாக்கலாம்."

"எகத்தாளம் பேசாத. பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள காடும் காடாவணும், புள்ளையும் ஒரு வழிக்கு வரணும். இல்லாட்டி நானே தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வருவேன்."

வெள்ளையம்மாள் அதற்குப் பிறகு எகத்தாளம் பேசவில்லை. இரவில் பிள்ளையின் காலைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்தாள் என்று பின்னால் அவளே என்னிடம் சொன்னாள்.

இந்த நிலையில்தான் ஜீப் வந்தது. முதல் நாள் டோரதி இறங்கியதும் ஓர் எருமை அவளை அன்போடு நெருங்கியது. அவள் மறுபடி ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வெள்ளையம்மாள் பிள்ளையை ஜீப்புக்கே தூக்கிவந்தாள். முதல் பயிற்சி ஜீப்பின் பின்சீட்டில் நடந்தது. காலை எப்படி மெதுவாகப் பிரிப்பது, எப்படி மடக்கி நீட்டுவது என்று காட்டினாள். பிறகு சொன்னாள்:

"காட்டுல ஒரு இடத்துல இடுப்பு ஆழத்துக்குக் குழி தோண்டுங்க. புள்ளைய அதுக்குள்ள நிக்க வச்சு, சுத்திலும் சாக்கும் மண்ணும் அணைச்சுவிடுங்க. விழாம நிக்கப் பழகும். நீங்க பக்கத்துலயே வேலை பாக்கலாம். கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமா, சரியா?"

வெள்ளையம்மாள் அன்றே தோண்டினாள். மறுநாள் சந்தையிலிருந்து திரும்பிய மருதை, சோளக்காட்டு ஓரத்தில் பேத்தி பாதி மட்டும் தரைக்கு மேலே இருப்பதைப் பார்த்தார். பொரி உருண்டை கையிலிருந்து உருண்டது. அவர் போட்ட கூச்சலில் பச்சைமலைக் குரங்குகள் மறுபக்கம் இறங்கி ஆத்தூர் போய்ச் சேர்ந்தன. ஊர் கூடிவிட்டது. புதையல் எடுக்கத் திருச்சிக்காரி பிள்ளையைப் பலி கேட்டாள் என்று ஒருத்தி. ஜீப்பில் வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் என்று இன்னொருத்தி. குழிக்குள்ளிருந்து செல்லாயி கையில் கம்போடு கத்தினாள்:

"சத்தம் போடாம காக்காய ஓட்டுங்க தாத்தா! அந்தக் கடைசிக் கதிருக்குக் கம்பு எட்டல!"

அடுத்தமுறை ஜீப் வந்தபோது ஊரே சூழ்ந்துகொண்டது. டோரதி அதை வரவேற்பு என்று நினைத்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். மருதை, "நான் எறங்கிப் பாக்குறேன், உசுருக்கு ஆபத்தா இல்லையான்னு" என்று குழியில் இறங்கினார். அந்தச் சின்னக் குழியில் கால் இறுக மாட்டிக்கொண்டு, இறங்கியவரால் ஏற முடியவில்லை. டோரதிதான் அவருடைய இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துக் கிழங்கைப் பிடுங்குவதுபோல் பிடுங்கி மேலே வைத்தாள். அன்று முதல் டோரதியை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கல் கெடுவை மட்டும் விடவில்லை.

குழி பாதி நேரத்துக்குத்தான் உதவியது. மிச்சப் பாதிக்கு வெள்ளையம்மாள் ஒரு வழி கண்டாள். ஊரில் வாய் பெரிய வேலம்மாளிடம் போய், "நீ ஒரு வேளை எம் புள்ளைக்குக் காலை நீட்டி மடக்கு. நான் அந்த நேரத்துக்கு உன் வெங்காயக் காட்டுல களை எடுக்கிறேன். அதுவும் வேலைதானே?" என்றாள்.

"நிழல்ல உக்காந்துகிட்டுப் பாக்குற வேலையா? அடிப்பாவி, இத இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றாள் வேலம்மாள்.

அதன் பிறகு ஆள் பஞ்சமே இல்லை. முட்டிவலிக்காரிகள் எல்லாம் செல்லாயிக்குப் பயிற்சி கொடுக்கப் போட்டி போட்டார்கள். செல்லாயியோ மேஸ்திரி மாதிரி, "நீ வேகமா இழுக்குற, உனக்கு அரை ஆள்தான்" என்று கணக்குத் தீர்ப்பாள். குழியின் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. கார்த்திகையில் அவள் முழங்கால் அளவுக் குழியில் கம்பைப் பிடித்து நின்றாள். கடலைக்காடும் பார்க்கும்படி ஆனது.

அப்போது ஜீப் நின்றது. ஊனமுற்றோர் ஆண்டு முடியப்போகிறது. டீசலுக்கு வந்துகொண்டிருந்த உதவியும் முடிகிறது. கிராமத்துக்குப் போவதை நிறுத்தலாம், தேவைப்பட்டவர்கள் மன்னார்புரத்துக்கு வரட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அந்த ஊரிலிருந்து வருவது லேசா? ஒற்றையடிப் பாதை, துறையூருக்கு ஒரு பஸ், திருச்சிக்கு ஒரு பஸ். இடுப்பில் பிள்ளையோடு ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும்.

கடைசியாகப் போன அன்று டோரதியால் இதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. "அடுத்த மாசத்துலேருந்து நான் வர மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் மளமளவென்று ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வழியில் நின்ற எருமையைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மணலோடைப்பட்டி இதை எப்படிப் புரிந்துகொள்ளும்? வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இனி வரமாட்டேன் என்கிறாள். அந்த ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"ஆளத் திருப்பலடி நாம!" என்று வேலம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்தம்மா ஆடியிலேருந்து வந்து வேலை பாத்திருக்கு. ஒருத்தியாவது அது காட்டுக்குப் போயி ஒரு பிடி களை புடுங்கினோமா? மனுசிக்குக் கோவம் வராதா?"

வெள்ளையம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டோரதி வராவிட்டால் அடுத்த பயிற்சி யார் சொல்வது? குழி மூடிவிட்டால் அதற்குப் பிறகு என்ன? மாமனார் இப்போதே ஹோமுக்கு எந்தப் பஸ் என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே விடிவதற்கு முன்பு கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். வழித்துணைக்கு மருதையும் வந்தார். அப்படியே ஹோமையும் பார்த்துவிட்டு வரலாம் என்பது அவர் திட்டம்.

காலையில் டோரதி மேலப்புதூர் கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் தைரியராஜ். வாசல் நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் அரிவாள்.

"டோரதியம்மா வீடு இதானுங்களா?" என்றாள் வேலம்மாள்.

"அவ... அவ இல்லீங்க."

"பரவால்ல. நீங்க காட்டக் காட்டுங்க. வெயில் ஏறதுக்குள்ள எறங்கிடணும்."

"எந்தக் காடுங்க?"

"உங்க காடுதான். எந்தப் பக்கம்?"

தைரியராஜ் உள்ளே போய்ச் சமையலறையில் தாழ் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்: "மாமி, போலீசுக்குச் சொல்லுங்க. டோரதி எங்கேயோ யார் காலையோ ஒடிச்சுட்டா போலிருக்கு."

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குள் வேலம்மாள் வாசலில் இருந்த தொட்டிகளைச் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டாள். "கீரையும் இல்ல, பூவும் இல்ல, காயும் இல்ல. சுத்தக் களை. பாவம், ஆள் இல்லாமக் கெடக்கு." சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தனை குரோட்டன்ஸும் வேரோடு வெளியே கிடந்தன. மண்ணைக் கொத்தி, பாத்தி கட்டி, மடியிலிருந்து வெங்காயத்தை எடுத்து ஊன்றியும் ஆயிற்று. மல்லிகைத் தொட்டியை மட்டும் நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினேன், அது என்னுடையது.

டோரதி முக்காட்டோடு வந்து நின்றாள். வெள்ளையம்மாள் செல்லாயியை இடுப்பில் வைத்தபடி முன்னால் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. தெரியாமப் போச்சு. எத்தன ஆள் வேணுமோ எடுத்துக்குங்க. வர்றத மட்டும் நிறுத்திடாதீங்க."

டோரதி விஷயம் புரிந்து, அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ஜீப் கதையைச் சொன்னாள். தனக்குக் காடு கிடையாது என்றாள். யாரும் ஏற்கவில்லை. வந்த ஆள் வேலை செய்யாமல் திரும்புவது என்ற பேச்சே அவர்களிடம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. எனக்கு நல்லது தோன்றுவது அபூர்வம் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். "பயிற்சி நிலையத்துக் காம்பவுண்டு பூரா கருவேல முள்ளா கெடக்கே!"

மழைக்காலம் முடிந்து அங்கே பாம்புகளே பட்டா வாங்கிக் குடியேறியிருந்தன. நிலையத்துப் பிள்ளைகள் வெளியே வந்து நடக்க இடமில்லை. மத்தியானத்துக்குள் முள் போய், புதர் போய், யாரும் அதுவரை பார்த்திராத ஒரு கிணறு வெளியே வந்தது. அதற்குள் இருந்த ஆமைக்குத் திருமலை நாயக்கரைத் தெரியும் என்று பேச்சு.

கமிட்டிக் கூட்டத்துக்கு வந்த சகாயநாதன், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று ரோட்டுக்குப் போய்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினார். சந்தோஷத்தில் சட்டைப்பையில் கைவிட்டார்.

"கூலி எவ்வளவும்மா?"

"கூலி இல்லீங்க, மாத்தாளு" என்றாள் வெள்ளையம்மாள்.

அது என்ன என்று கேட்டார். வேலம்மாள் விளக்கினாள். கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்படிப் பார்த்தா டோரதி உங்க ஊருக்கு வந்தது சம்பளத்துக்கு. அதுக்கு நீங்க ஆள் தர வேண்டியதே இல்லையே."

"அப்ப நாங்க பட்டது கடன் இல்லையா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

வெள்ளையம்மாள் மெதுவாக நிமிர்ந்தாள். "அப்படின்னா இன்னைக்கு நாங்க பாத்த வேலை புதுசுங்களே. நீங்கதான் ஆள் திருப்பணும்."

சகாயநாதன் மறுபடி கண்ணை மூடினார். கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது. டோரதி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"நாங்க களை வெட்ட முடியுமாம்மா?" என்றார் சகாயநாதன்.

செல்லாயி அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டி, "தாத்தா, கையக் காட்டுங்க" என்றாள். அவர் நீட்டினார். உள்ளங்கையை அமுக்கிப் பார்த்தாள். "மெத்துனு இருக்கு. களை வெட்ட ஆவாது. எனக்குக் காலை மடக்க ஆவும்."

அன்றைய கமிட்டிக் கூட்டத்தில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஜீப் இல்லாவிட்டால் பஸ்ஸில் போவது, துறையூருக்கு மணலோடைப்பட்டிக்காரர்கள் வண்டி அனுப்புவது, வந்த ஆளுக்கு ஆள் கணக்கு நேராகும் வரை போய்க்கொண்டிருப்பது என்று முடிவாயிற்று.

இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பெருமாளைப் பார்க்காமல் போவதா? ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள் என்பதால் நானே வழிகாட்டினேன். அரிவாளோடு கோயிலுக்குள் போக முடியாதே. சமையலறையிலிருந்து வெளியே வந்திருந்த தைரியராஜைக் கோபுரவாசலில் நிறுத்தி, எல்லாவற்றையும் அவர் கையில் அடுக்கினோம். அரிவாள் கட்டோடு நடுங்கிக்கொண்டிருந்த அந்த உருவத்துக்குக் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. ஒரு போலீஸ்காரர்கூட எதிர்ப்பக்கம் போய் டீ குடித்தார். தைரியராஜுக்குத் தன் பெயர் பொருந்தியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

உள்ளே சந்நிதியில் மருதைதான் பேத்தியைத் தூக்கிக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் திருவடியிலிருந்து திருமுடி வரை செல்லாயி பார்த்தாள்.

"தாத்தா, இவரு நடக்க மாட்டாரா?"

"சும்மா இரு புள்ள."

"படுத்தே இருக்காரே. இவருக்கு யாரு காலைப் புடிச்சு விடுறது?"

அர்ச்சகர் எனக்குத் தெரிந்தவர். சிரித்துவிட்டு, "அவருக்கென்னடி குழந்தே, திருவடி கைங்கர்யத்துக்குத் தாயார் இருக்கா, ஊர் மொத்தமும் இருக்கு" என்றார்.

"எனக்குந்தான் எங்கம்மா இருக்கு. வேலம்மாப் பெரியம்மா இருக்கு. எங்க ஊரு மொத்தமும் இருக்கு." பிறகு தாத்தாவின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "இவரை யாராச்சும் ஹோமுல கொண்டு விடச் சொன்னாங்களா?"

வரிசை நகர்ந்தது. மருதை நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளியதும்தான் வெளியே வந்தார். வெள்ளையம்மாள் அவர் முகத்தையே பார்த்தபடி வந்தாள். கோபுரவாசலில் வேலம்மாள் கேட்டாள்: "அந்த ஹோமப் பாக்கணும்னீங்களே மாமா, போவோமா?"

"எந்த ஹோமு? துறையூரு பஸ்ஸுக்கு நேரமாவுது, நடங்க" என்று பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் போனார். வெள்ளையம்மாள் தைரியராஜ் கையிலிருந்த தன் அரிவாளை எடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

சகாயநாதன் ஆள் திருப்பப் போனார். முதல் நாள் செல்லாயி அவருக்கு அரை ஆள்தான் போட்டாள். கணக்கு நேராகும் நாளை அவர் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாள் வரவே இல்லை. இவர்கள் ஒருமுறை போய்வந்தால், வெள்ளையம்மாள் எதையாவது சாக்கிட்டு இரண்டு ஆளை அனுப்பி, நிலையத்துக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகச் சொல்வாள். எப்போதும் கமிட்டிதான் பாக்கி. எனக்குத் தெரிந்து எண்பத்தாறுவரை இப்படியே ஓடியது. அதற்குள் அடிவாரத்தில் வேறு ஊர்களும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. திருச்சியிலேயே புல் முளைக்காத ஒரே காம்பவுண்டு அதுதான்.

டோரதி எருமைக்குப் பயப்படுவதை நிறுத்தவே இல்லை. அவள் வண்டியைவிட்டு இறங்கும்போதெல்லாம், இரண்டு ஊன்றுகோலை விசிறிக்கொண்டு செல்லாயி முன்னால் வந்து எருமையை விரட்டுவாள். அதற்குத் தனியாக ஓர் ஆள் என்று கணக்கில் ஏற்றிக்கொள்வாளாம். தைரியராஜின் தொட்டிகளில் அந்த முதல் வருஷமே வெங்காயம் நன்றாக வந்தது. தாளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைப்பார், பறிக்க விடமாட்டார்.